பானெட் சில்லென்று இருக்கணும்! - வடவள்ளி முதல் ஆனைகட்டி வரை ஒரு டர்போ காலை

அதிகாலை நாலரை மணி. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிச் சோம்பல் முறித்ததும் அக்கா மகன் கேட்ட முதல் கேள்வி: "மாமா, ஒரு ரூம் போட்டுத் தூங்கிட்டு ஒம்போது மணிக்காப் போலாமா?"

"ஒம்போது மணிக்குப் போறதுக்கா திருச்சியிலேருந்து ராத்திரி பஸ்ல உட்கார்ந்து வந்தோம்? ஆறு மணிக்கு அந்த வீட்டு வாசல்ல நிக்கணும் மாப்ளே."

நாங்கள் கோவைக்கு வந்தது கல்யாணத்துக்கும் இல்லை, மருதமலைக்கும் இல்லை. ஒரு பழைய கார் பார்க்க. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 230. வெளியே பார்த்தால் நாலு கதவும் பெரிய டிக்கியுமாகச் சாதுவான குடும்பக் கார். உள்ளே 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 230 குதிரைசக்தி. 2017-ல் கொஞ்சம் கார்கள்தான் இந்தியாவுக்கு வந்தன. 2020-ல் வந்த 245 குதிரைசக்தி மாடலோ நாடு முழுக்கவே 200 கார்கள்தான். இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரெல்லாம் வாங்க முடியாத, ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிற பையன்களுக்கு இது கனவு கார்.

என் மாப்பிள்ளையும் அந்த ரகம்தான். ஓசூரில் வேலை. 31 வயது. ஆறு வருடமாக டூர் போகாமல், போன் மாற்றாமல் சேர்த்த பணம். "அந்தக் காசுல திருச்சியில ஒரு மனை வாங்கியிருக்கலாம். நீயும் அவன்கூடச் சேர்ந்து ஆடுறியாடா தம்பி?" என்று அக்கா போனில் கேட்டாள். நல்ல கேள்விதான். நான் பதில் சொல்லவில்லை.

இன்னொரு விஷயத்தையும் பஸ்ஸில் பாதி வழியில்தான் சொன்னான். புரோக்கருக்கு டோக்கன் அட்வான்ஸாக 50,000 ரூபாயை ஏற்கெனவே போனிலேயே அனுப்பிவிட்டானாம். "ரெண்டு பார்ட்டி க்யூல நிக்கிறாங்கன்னு சொன்னாரு மாமா." கார் விலை 19 லட்சம். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கு இதில் ஒரு பழைய சூடு உண்டு. பன்னிரண்டு வருடம் முன்பு, வெயில் ஏறிய பதினொரு மணிக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் டர்போ டீசல் கார் ஒன்றைப் பார்த்தேன். ஏ.சி. போட்டு, இன்ஜினை ஓட விட்டு, தயாராக வைத்திருந்தார்கள். எவ்வளவு மரியாதை என்று பூரித்துப் போனேன். மூன்றாவது மாதம் கொடைக்கானல் மலைச் சாலையில், மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ளே இருக்க, ராத்திரி ஏழரை மணிக்கு நீலப் புகையைக் கக்கிக்கொண்டு அது நின்றது. டர்போ போயிருந்தது. சூடாக்கி வைத்த இன்ஜின் தன் வியாதியை மறைக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதனால்தான் இந்த ஆறு மணிக் கணக்கு.

பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு டீ குடித்தோம். இந்த மாதிரி காரைத் தேடி ஏன் கோவைக்கு வர வேண்டும் என்று கேட்பீர்கள். இந்த ஊருக்கு மோட்டார் என்றால் ரத்தத்திலேயே ஒரு துடிப்பு உண்டு. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றை பஸ்ஸை வாங்கித் தானே ஓட்டிய ஜி.டி.நாயுடுவின் ஊர். அவர் பெயர் சொல்லும் கார் மியூசியம் அவினாசி சாலையில் இருக்கிறது; குழந்தைகளோடு போனால் அரை நாள் போவது தெரியாது. பந்தயக் கார்களை இங்கேயே வடிவமைத்துக் கட்டியவர் கரிவரதன். 1995-ல் விமான விபத்தில் இறந்த அவர் பெயரில்தான் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர் வளர்த்த பிள்ளைதான்.

அதனால் இங்கே வேகமான கார்களை நேசிக்கிற ஆட்கள் அதிகம். நன்றாகப் பராமரித்த வண்டிகளும் அதிகம். அதே காரணத்தால், நோண்டிய வண்டிகளும் அதிகம்.

ஆட்டோவில் வடவள்ளிக்குப் போகும்போது மாப்பிள்ளைக்கு டர்போ பாடம் எடுத்தேன். அவனுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஆசையில் இருப்பவனுக்கு எல்லாவற்றையும் ஒருமுறை ஞாபகப்படுத்த வேண்டும்.

சாதாரண இன்ஜின் தானாக மூச்சு இழுக்கும். டர்போ இன்ஜினுக்கு மூச்சைத் திணித்து ஊட்ட ஒரு விசிறி உண்டு. சைலன்சர் வழியாக வீணாக வெளியேறும் சூடான புகைதான் அந்த விசிறியைச் சுற்றுகிறது. ஒரு தண்டு, அதன் ஒரு முனையில் புகை சுற்றும் சக்கரம், மறுமுனையில் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் சக்கரம். நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றும். புகைப் பக்கம் 900 டிகிரி வரை சூடு. அந்தத் தண்டைத் தாங்கி நிற்பது தாள் கனம்கூட இல்லாத ஒரு ஆயில் படலம். ஆயில் பழசானாலோ, குறைந்தாலோ, மலை ஏறி வந்த சூட்டோடு டக்கென்று சாவியைத் திருப்பி அணைத்து அணைத்து உள்ளேயே ஆயில் கருகினாலோ, முதலில் சாவது டர்போ.

"அதனால நீ வாங்கப் போறது காரை இல்ல மாப்ளே. இதுக்கு முன்னாடி ஓட்டுனவனோட பழக்கத்தை" என்றேன். "அவர் ஓட்டல மாமா. அவரோட பையன்தான்" என்றான். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம். வடவள்ளியில் ஓட்டு வீடுகளும் புது மாடி வீடுகளும் கலந்த ஒரு தெரு. தெருமுனையில் திரும்பினாலே மருதமலை எதிரே நிற்கிறது. உச்சியில் விளக்குகள் இன்னும் அணையவில்லை. வாசலில் கோலம். போர்ட்டிகோவில் நீல நிறத்தில் கார்.

பெரியவர் காத்திருந்தார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "வாங்க, வாங்க. ஏனுங்க, ராத்திரி பஸ்ல கொஞ்சமாச்சும் தூங்குனீங்களா? நீங்க சொன்னீங்கன்னு நான் சாவியவே தொடலீங்க."

வணக்கம் சொல்லிக்கொண்டே பானெட்டில் கையை வைத்தேன். சில்லென்று பனித்துளி. மனுஷர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். பானெட் சூடாக இருந்திருந்தால் ஒரு காபியோடு எழுந்து வந்திருப்பேன். நீங்களும் அதையே செய்யுங்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பார்க்க வேண்டியது நிறைய. டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். ஆயில் அளவு சரி. விரலில் தேய்த்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை பலமாக அடிக்கக் கூடாது. ஆயில் மூடியின் உட்புறம் தயிர் போல வெள்ளையாக ஏதாவது படிந்திருந்தால், தண்ணீர் கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். கூலன்ட் டப்பாவில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். வெறும் தண்ணீரை ஊற்றி வைத்திருந்தால் நிறமே காட்டிக்கொடுக்கும். இங்கே எல்லாம் சரியாக இருந்தது.

பிறகு ஸ்டார்ட். மாப்பிள்ளையைச் சாவிப் பக்கம் உட்கார வைத்துவிட்டு நான் பின்னால் சைலன்சர் பக்கம் குந்திக்கொண்டேன். பார்க்கிறவர்கள் சிரிக்கலாம், பரவாயில்லை. முதல் இரண்டு மூன்று நொடிகளில் சங்கிலி குலுங்குவது போல் கடகட சத்தம் வந்தால் டைமிங் செயினைக் கவனிக்க வேண்டும். குளிர்ந்த காலையில் மெல்லிய வெள்ளை ஆவி வந்து மறைந்தால் பயமில்லை. நிற்காமல் அடர்த்தியாக, இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது. நீலம் என்றால் ஆயில். ஐந்து நிமிடம் சும்மா ஓட விட்டு, பிறகு லேசாக ஒரு முறுக்கு முறுக்கச் சொல்லுங்கள். டர்போவின் சீல் போயிருந்தால் அப்போதுதான் ஒரு நீலக் குபுக் வரும்.

வரவில்லை. மாப்பிள்ளை என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். அவன் மனசுக்குள் ஓசூருக்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டான் என்று தெரிந்தது.

அப்போதுதான் பையிலிருந்து அந்தச் சின்னக் கருவியை எடுத்தேன். தீப்பெட்டி அளவு. ஆன்லைனில் சுமார் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். அதில் செருகினால் ப்ளூடூத் வழியாக நம் போனில் கார் தன் கதையைச் சொல்லும். பழுதுக் குறியீடு ஏதும் இருக்கிறதா? இல்லை. சுத்தம்.

இங்கேதான் பலரும் திருப்தியாகி எழுந்துவிடுகிறார்கள். ஆனால் பழுதுக் குறியீடுகளை யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் அழித்துவிடலாம். அப்படி அழித்தாலும் கார் இரண்டு விஷயங்களை ஞாபகம் வைத்திருக்கும். ஒன்று, புகைக் கட்டுப்பாட்டுக்கான சுயபரிசோதனைகளை அது முதலிலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்ச நாள் பலவிதமாக ஓடினால்தான் அவை 'முடிந்தது' என்று காட்டும். இன்னொன்று, குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம்.

அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பரிசோதனைகள் பாதிக்கு மேல் 'முடியவில்லை'. ஓடிய தூரம்: 14 கிலோமீட்டர்.

"ஐயா, வண்டி கடைசியா எப்ப வெளியே போச்சு?"

"நேத்து சாயந்தரம் புரோக்கர் தம்பி வந்து, வாட்டர் சர்வீஸ் பண்ணீட்டு வர்றேன்னு எடுத்துட்டுப் போனாருங்க. ஏனுங்க?"

கழுவப் போன வண்டிக்கு உள்ளேயும் யாரோ கழுவியிருக்கிறார்கள். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. பேட்டரி மாற்றினாலோ, நியாயமான சர்வீஸ் செய்தாலோகூட அழிப்பது உண்டு. ஆனால் மனசில் ஒரு முள்.

பானெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். டர்போவிலிருந்து புகை போகும் குழாயின் போல்ட்டுகள் மட்டும் பளபளவென்று இருந்தன. சுற்றியுள்ள எல்லாம் 62,000 கிலோமீட்டர் தூசியோடு மங்கியிருக்க, இவை மட்டும் ஸ்பானர் பட்ட தழும்போடு. காற்றுக் குழாயில் ஒரு கிளிப்பும் கம்பெனி போட்டதாகத் தெரியவில்லை.

அம்மா காபியோடு வந்தார். சிறுவாணித் தண்ணீர்க் காபி. அதன் ருசியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். டம்ளரை வாங்கிக்கொண்டே, "பையன் வண்டிக்கு எக்ஸ்ட்ரா ஏதாச்சும் மாட்டியிருந்தாருங்களாம்மா?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"அதெல்லாம் எனக்கென்னுங்க தெரியுது? ஊருக்குப் போறதுக்கு முன்னாடி எதையோ கழட்டி மாத்துனான். மொட்டமாடில தடியா ஒரு பைப்பு கெடக்குதுங்க, அதுங்களா? நான் அதுலதான் அவரக் கொடிய ஏத்தியுட்டிருக்கேன்."

மாடிக்குப் போய்ப் பார்த்தோம். மண் தொட்டியில் நட்டு வைத்த, வெயிலில் நீலம் பாய்ந்த ஸ்டீல் குழாய். அவரை பூத்திருந்தது. மாப்பிள்ளையின் முகம்தான் பூக்கவில்லை.

விஷயம் இதுதான். கம்பெனி கொடுக்கும் சக்தி போதாது என்று நினைக்கிறவர்கள், இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவார்கள். ரீமேப் என்பார்கள். டர்போ இன்ஜினில் இது சுலபம். காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாலே 40, 50 குதிரைசக்தி எகிறும். புகை வேகமாக வெளியேற அகலமான குழாய் போடுவார்கள். ஆக்டேன் குறைந்த பெட்ரோல் இந்த மாதிரி அழுத்தத்துக்குப் போதாது, இன்ஜின் உள்ளுக்குள் இடிக்கும். டர்போவும் கியர்பாக்ஸும் தங்களுக்கு எழுதிய அளவைவிட அதிகமாக உழைக்கும். விற்கும்போது பழைய சாமானைத் திரும்ப மாட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. தேய்ந்தது தேய்ந்ததுதான்.

ரீமேப் செய்த எல்லாக் காரும் கெட்ட கார் இல்லை. ஒழுங்கான ஆளிடம் செய்து, நல்ல பெட்ரோல் ஊற்றி, 15,000 கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் அதில் பாதியிலேயே ஆயில் மாற்றி, எல்லாப் பில்லையும் ஃபைலில் வைத்து, "இதைச் செய்தேன்" என்று சொல்லி விற்கிறவரிடம் நான் தைரியமாக வாங்குவேன். அப்போதும் இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லாத மாற்றம் நாளைக்கு க்ளெய்மில் இடிக்கும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் குறுக்கே நிற்கும் என்பது வேறு கதை. நான் பயப்படுவது மறைக்கப்பட்டதற்கு.

காகிதங்களை எடுத்து வந்தார் பெரியவர். ஆர்.சி. பையன் பெயரில். பையன் கனடாவில். பெயர் மாற்ற வேண்டிய 29, 30 பாரங்களில் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்துதான் வேண்டும். அப்பா நல்லவர் என்பது ஆர்.டி.ஓ. ஆபீஸில் எடுபடாது. பேங்க் கடன் ஆர்.சி.யில் ஏறியிருந்தால் 35-ம் பாரமும் பேங்க்கின் என்.ஓ.சி.யும் வேண்டும். நல்லவேளை, கடன் இல்லை. இன்ஷூரன்ஸில் நோ க்ளெய்ம் போனஸ் தொடர்ந்து ஏறியிருந்தது; பெரிய விபத்து க்ளெய்ம் இல்லை என்பதற்கு அது ஒரு சாட்சி. சீட் பெல்ட்டைக் கடைசி வரை உருவிப் பார்த்தேன். சென்னையில் 2015-லும் 2023-லும் வெள்ளத்தில் நின்ற கார்கள் ஊர் ஊராகப் போயிருக்கின்றன; பெல்ட்டின் கடைசிப் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் எந்த ஷாம்பூவாலும் மறைக்க முடியாது. டயரில் நாலு இலக்க எண்: 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். இங்கே நாலும் ஒரே பிராண்ட், ஒரே வருடம். சர்வீஸ் ஃபைலில் 48,000 கிலோமீட்டர் வரை வரிசையாகப் பில். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் எதுவும் இல்லை. கியர்பாக்ஸ் ஆயில் 60,000-ல் மாற்ற வேண்டும். அந்தப் பில்லும் இல்லை.

"ஓட்டிப் பாக்கலாங்களா?" என்றேன்.

"பாருங்க. நானும் வர்றேனுங்க. ஆனைகட்டி வரைக்கும் போயிட்டு வந்தா உங்களுக்கும் ஊரு பாத்தாப்பல இருக்கும்."

நானும் மனசில் அதே வழியைத்தான் வைத்திருந்தேன். இடையர்பாளையம் வந்து, கணுவாய் தாண்டி, தடாகம் பள்ளத்தாக்குக்குள் சாலை நுழைந்ததும் கோவை சட்டென்று காணாமல் போகிறது. இருபுறமும் மலை. செம்மண் தோண்டிய பள்ளங்களும், அடங்கிப்போன செங்கல் சூளைகளின் புகைபோக்கிகளும் ஒரு காலத்துக் கதையைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. வாழைத் தோப்புகளுக்கு யானை வரும் ஊர். பெரியவர் ஒவ்வொரு வளைவிலும் ஒரு யானைக் கதை வைத்திருந்தார். ஒரு தடவை பலாப்பழ வாடைக்கு வந்த கொம்பன், வாசலில் நின்ற ஸ்கூட்டியைத் தள்ளிவிட்டுப் பழத்தை மட்டும் எடுத்துப் போனதாம்.

மாங்கரை செக்போஸ்ட் வரை சமவெளி. மாப்பிள்ளை ஓட்டினான். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரும் வரை மிதிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வண்டி வெண்ணெய். கியர் மாறுவதே தெரியவில்லை. ஓரமாக நிறுத்தி, சரிவில் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன். டபுள் கிளட்ச் கியர்பாக்ஸில் தேய்மானம் இருந்தால் ரிவர்ஸில் ஏறும்போதுதான் கடகடவென உதறும். உதறவில்லை.

மாங்கரைக்கு அப்புறம் காடும் ஏற்றமும் ஆரம்பம். டர்போ காரைச் சோதிக்க நான்கு வழிச்சாலையில் 160-ல் பறக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். வேண்டியதே இல்லை. டர்போவுக்கு வேகம் சோதனை இல்லை, சுமைதான் சோதனை. நாலு பேர் உட்கார்ந்த எடைக்கு ஒரு நல்ல ஏற்றம், மூன்றாவது கியர், 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்குப் போனால் போதும். மலைச் சாலை அதைக் காசு வாங்காமல் செய்து கொடுக்கும். யானை கடக்கும் சாலையில் அதற்கு மேல் போகவும் கூடாது.

எதிரே வண்டி இல்லாத ஒரு நீளமான ஏற்றம் வந்தது. "மேனுவல்ல போட்டு மூணாவது கியர்ல வெச்சு மிதி" என்றேன். என் போனில் காற்றழுத்த எண் ஏறியது. முதுகு சீட்டில் ஒட்டியது. ஐம்பத்தைந்து வயதில் எனக்கே ஒரு சந்தோஷம். பெரியவர் மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

ஏறிய எண் பாதி வழியில் தளர்ந்தது. மிதி அப்படியே இருக்க, இழுவை கரைந்தது. வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, மூச்சு வாங்குகிற ஆள் படி ஏறுவது போல. அடுத்த ஏற்றத்தில் இன்னொரு முறை. அதே இடம், அதே தளர்ச்சி. மூன்றாவது முறை டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

போனில் குறியீடு வந்திருந்தது. பி0299. டர்போ தர வேண்டிய அழுத்தத்தைத் தரவில்லை என்று அர்த்தம். ஒரு குழாய் கிழிந்திருந்தாலும் இது வரலாம். சில ஆயிரத்தில் முடியும். டர்போவே தேய்ந்திருந்தாலும் வரலாம், லட்சங்களில் போகும். சாலையோரம் நின்று யாராலும் அதைச் சொல்ல முடியாது.

ஆனைகட்டியில் ஒரு டீக்கடை. நிறுத்தியதும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓட விட்டோம். பக்கத்தில் கேரளா. பறவை ஆராய்ச்சிக்கான சாலிம் அலி மையம் இங்கேதான் இருக்கிறது. அதற்கு ஏற்றாற்போல் மரத்தில் என்னென்னவோ குரல்கள். ரசிக்கிற மனநிலையில் நாங்கள் மூவருமே இல்லை.

பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 14 கிலோமீட்டர், போல்ட், அவரைக் கொடிப் பைப், மஞ்சள் விளக்கு. அவர் குறுக்கே பேசவில்லை. போனை எடுத்து மகனுக்கு வீடியோ கால் போட்டார். அங்கே ராத்திரி.

"கண்ணு, வண்டிக்கு என்ன பண்ணுன? உள்ளதச் சொல்லு."

பையன் கொஞ்சம் தயங்கி, பிறகு சொல்லிவிட்டான். ரீமேப் செய்ததும் உண்மை, விளக்கு அவ்வப்போது எரிந்ததும் உண்மை. புரோக்கரிடம் சொன்னானாம். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றாராம் அவர்.

"என்றகிட்டச் சொல்லோணுமல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார் பெரியவர். பிறகு ரொம்ப நேரம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடியே இருந்தார். எனக்குத்தான் சங்கடமாகப் போனது.

பையன் தகவல் சொல்லியிருக்க வேண்டும். பத்தாவது நிமிடம் புரோக்கரிடமிருந்து மாப்பிள்ளைக்கு போன். "சார், ரெண்டு லட்சம் கொறச்சு வாங்கித் தர்றேன். 17-க்கு இந்த வண்டி தமிழ்நாட்டுலயே கெடைக்காது. இன்னிக்கே முடிச்சிருங்க."

மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூட்டிப் போனான். "மாமா, ரெண்டு லட்சம் கொறஞ்சா ரிப்பேர் பண்ணிக்கலாமே? ஆறு வருஷம் மாமா."

அந்தக் கடைசி வார்த்தையில் நான் கொஞ்சம் ஆடிப்போனேன். கொடைக்கானல் ராத்திரியை அவனுக்கு நான் முழுசாகச் சொன்னதில்லை. இரண்டு மணி நேரம் இருட்டில் நின்றது, சின்னவள் குளிரில் அழுதது, ரிப்பேருக்கு மனைவியின் வளையல் போனது. சொன்னேன். "என்ன கெட்டுப்போச்சுன்னே தெரியாததுக்கு ரெண்டு லட்சம் தள்ளுபடிங்கறது தள்ளுபடியே இல்ல. அது நீ கட்டுற பந்தயம். கட்டணும்னா கட்டு. உன் காசு" என்றேன்.

அவன் காரை ஒருமுறை சுற்றி வந்தான். கதவில் ஒட்டியிருந்த செம்மண்ணைக் கைக்குட்டையால் துடைத்தான். அப்புறம் சாவியைப் பெரியவரிடம் நீட்டினான். "மன்னிச்சுக்கங்க ஐயா. இப்ப வேணாம்."

"நீ எதுக்கு சாமி மன்னிப்புக் கேக்கற?" என்றவர், அங்கேயே 50,000 ரூபாயைத் தன் அக்கவுன்ட்டிலிருந்து அவனுக்கு அனுப்பினார். எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை. "புரோக்கர்கிட்ட நான் வாங்கிக்கறேனுங்க. அது என்ற பாடு."

திரும்பும்போது பெரியவரே ஓட்டினார். நாற்பதைத் தாண்டவில்லை. வீட்டில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் தயாராக இருந்தன. வியாபாரம் முறிந்த வீட்டில் சாப்பிடுவதா என்று நாங்கள் தயங்கியபோது, "காருக்கும் சோத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று அம்மா இலையைப் போட்டுவிட்டார்.

இது நடந்து ஏழு வாரம் ஆகிறது. போன வியாழக்கிழமை பெரியவர் போன் செய்தார். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்ததில் டர்போவில்தான் கோளாறாம், மாற்றிவிட்டார். இன்ஜின் கம்ப்யூட்டரைக் கம்பெனிக் கணக்குக்கே திருப்பியாயிற்று. கியர்பாக்ஸ் ஆயிலும் மாற்றியாயிற்று. செலவைப் பையனிடமே வாங்கிவிட்டாராம். பில்லையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் ஒவ்வொன்றிலும் தேதி, கிலோமீட்டர், வண்டியின் சேஸிஸ் எண் மூன்றையும் சரிபார்த்தேன். பையன் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறான். கையெழுத்துப் பிரச்னையும் இருக்காது. விலை அதே 19 சொல்கிறார். நியாயம்தான். புரோக்கர் நடுவில் இல்லை.

மாப்பிள்ளை இன்னும் வேறு கார் எதையும் பார்க்கவில்லை. அக்கா இன்னும் மனைப் பேச்சை விடவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி ராத்திரி பஸ். முதலில் லிஃப்ட் வசதியுள்ள வேறொரு மெக்கானிக்கிடம் காட்டுவதாக ஏற்பாடு. அப்புறம் மாங்கரை ஏற்றம். ஆறு மணிக்கு வருகிறோம், அதுவரை யாரும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

"சாவி என்ற தலகாணிக்கடியில இருக்குமுங்க" என்றார்.